லெவினுக்கு எஞ்சின் மாற்றலாமா? திருகோணமலைக் கராஜில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளிப் பக்கம் சின்னக் கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். பகலில் வருவதெல்லாம் ஓட்டோவும் வானும் தான். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு பெடியன்கள் வருவார்கள். பழைய டூ டோர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, பொனற்றைத் தூக்கிவிட்டு, "அண்ணை, இதுக்கு வேற எஞ்சின் போடலாமா?" என்று கேட்பார்கள். டொயோட்டா லெவின் தான் அதிகம். இடைக்கிடை ஒரு செலிக்கா, ஒரு இன்டெக்ரா. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் கையில் இருந்ததைப் பேணிக் காத்துப் பழகியவர்கள் இந்தப் பெடியன்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கும். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் காரில் இழுவை குறைந்துவிட்டது. எஞ்சினை மாற்றினால் சரியாகுமா?

முதலில், கொம்பனி கொடுத்த குதிரைவலு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். 25 வருடம் ஓடிய எஞ்சினில் அது முழுதாக இருக்காது. பெரும்பாலும் போன இடத்தைக் கண்டுபிடித்துத் திருப்பி எடுக்கலாம்.

ஒரு தம்பி ஏஈ111 மொடல் லெவின் ஒன்றைக் கொண்டுவந்து, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற டேர்போ போடவேண்டும் என்று நின்றார். மூன்றாம் கியரில் மிதித்தால் கார் ஒரு தயக்கம் தயங்கித்தான் எழும்பியது. பற்றரியின் நெகட்டிவில் இருந்து கியர் பாக்ஸுக்குப் போகிற எர்த் வயரைக் கழற்றினேன். வெளியில் கறுப்பு உறை நன்றாகத்தான் இருந்தது. நுனியை இரண்டு அங்குலம் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சைப் பூ. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. கடற்கரையோரம் வருடக்கணக்கில் நின்ற கார். புது வயர் போட்டு, தொடுகிற இடத்தை மினுங்கும்வரை தேய்த்து, பிளக் நான்கும் டிஸ்ரிபியூற்றர் மூடியும் மாற்றி, த்ரொட்டில் பொடியைக் கழுவினோம். எஞ்சின் விலையில் பத்தில் ஒரு பங்கு கூடச் செலவாகவில்லை. டேர்போ கதையை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

ஆகவே எதற்கும் முன்னர் செய்யவேண்டியவை: நான்கு சிலிண்டரின் கொம்பிரஷன், வக்கியூம் கேஜ், பெற்றோல் பம்பின் அழுத்தம், இக்னிஷன் டைமிங். வக்கியூம் ஊசி சும்மா நிற்கும்போது 18 முதல் 21 அங்குலத்துக்குள் ஆடாமல் நிற்கவேண்டும். நாங்கள் கடல் மட்டத்தில் இருக்கிறோம், உயரத்தைக் காரணம் சொல்ல முடியாது. ஊசி ஒரே தாளத்தில் விழுந்து எழும்பினால் வால்வில் கோளாறு. சிலிண்டர்களுக்கிடையில் கொம்பிரஷன் பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால், அப்புறம் எஞ்சின் பற்றிப் பேசலாம்.

லெவினின் சாதாரண 4ஏ-எஃப்ஈ எஞ்சினை எடுத்துவிட்டு 20 வால்வ் எஞ்சின் போட்டால் எவ்வளவு வித்தியாசம் தெரியும்?

எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே 1587 சிசி. 4ஏ-எஃப்ஈயில் 110 குதிரைவலு அளவில் வரும். 4ஏ-ஜிஈ 20 வால்வில் இரண்டு வகை, மேல்மூடியின் நிறத்தை வைத்துத்தான் பெயர். சில்வர் டாப் என்றால் 160, அதுவும் நிமிடத்துக்கு 7400 சுற்றில். பிளாக் டாப் என்றால் 165, அது 7800 சுற்றில். கடதாசியில் 50 குதிரைவலு கூடுகிறது. ஆனால் டோர்க்கை, அதாவது எஞ்சின் முறுக்குகிற விசையைப் பாருங்கள்: பழையது 150 நியூட்டன் மீற்றரை ஒட்டி, புதியது 162. எட்டு வீதம்தான் வித்தியாசம். கொள்ளளவு மாறவில்லை, ஆகவே ஒரு தரம் இழுக்கிற மூச்சு பெரிதாகக் கூடாது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதுதான் கூடுகிறது. அந்த 50 குதிரைவலுவும் 5500 சுற்றுக்கு மேலேதான் குடியிருக்கிறது.

இப்போது நிலாவெளி வீதிக்கு வாருங்கள். ஊருக்கு வெளியே கார்களுக்கு 70 கிலோமீற்றர் எல்லை. லெவின் கியர் பாக்ஸின் பல் கணக்குப்படி 70 இல் இரண்டாம் கியரிலேயே எஞ்சின் 5000 சுற்றை ஒட்டித்தான் நிற்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இடத்துக்கு முதலாம் கியரைத் தவிர வேறு எந்தக் கியரிலும் சட்டப்படி போகவே முடியாது. நகரத்துக்குள் மூன்றாம் கியரில் 2500 சுற்றில் போகும்போது பழைய எஞ்சினும் புதியதும் ஏறத்தாழ ஒன்றுதான்.

அப்படியென்றால் வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி த்ரொட்டில், சிலிண்டருக்கு ஐந்து வால்வ். 6000 தாண்டும்போது அது இழுக்கும் காற்றின் சத்தம் வேறெந்த டொயோட்டாவிலும் கேட்காத சத்தம். காலை வைத்த உடனே பதில் சொல்லும் எஞ்சின். அதற்காக வாங்குங்கள், நான் பூட்டித் தருகிறேன். ஓவர்டேக் எடுக்க வசதியாக இருக்கும் என்பதற்காக வாங்காதீர்கள்.

சில்வர் டாப் நல்லதா, பிளாக் டாப் நல்லதா?

பிளாக் டாப் பிந்தியது. கொம்பிரஷன் 11க்கு 1, சில்வர் டாப்பில் 10.5க்கு 1. சில்வர் டாப் காற்றை ஃப்ளோ மீற்றரால் அளக்கும். பிளாக் டாப் காற்றின் அழுத்தத்தைப் பார்க்கிற மாப் சென்சரால். ஏஈ111க்குப் பிளாக் டாப்பும் ஏஈ101க்குச் சில்வர் டாப்பும் அந்தந்தக் கார்களிலேயே வந்தவை என்பதால் வயரிங் வேலை குறையும். இரண்டில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதையே எடுக்கச் சொல்வேன். அலுத்துப்போன பிளாக் டாப்பைவிட ஆரோக்கியமான சில்வர் டாப் நூறு மடங்கு மேல்.

2ஜேஇஸட் போடலாமா?

லெவினுக்கா? வேண்டாம் தம்பி. அது மூன்று லீற்றர், வரிசையாக ஆறு சிலிண்டர், நீளவாட்டில் வைத்துப் பின்சக்கரத்தை ஓட்டுவதற்குச் செய்தது. லெவினில் எஞ்சின் குறுக்கே படுத்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. அது உள்ளே போகாது. போகவைக்க வேண்டுமென்றால் காரின் முன்பாதியை வெட்டிப் புதுக் கார் ஒன்றே செய்யவேண்டும்.

எஞ்சின் மாற்றுவதைவிட டேர்போ போடுவது மலிவு என்கிறார்களே?

டேர்போ மலிவுதான். அதைச் சுற்றி வருகிறவை மலிவில்லை. அரை பார் பூஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் வழமையை விட ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் காற்றை வாங்குகிறது. காற்றை அழுத்தினால் சுடும். திருகோணமலையில் நடுப்பகலில் 35 பாகையில் உள்ளே போகிற காற்று, சாதாரண டேர்போ ஒன்றில் அரை பாருக்கு அழுத்தப்பட்டு வெளியே வரும்போது 90 பாகையை ஒட்டியிருக்கும். அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போனால், பிளக் பொறி மூட்டிய தீ போய்ச் சேருமுன்னரே மிச்சக் கலவை தன்பாட்டில் வெடிக்கும். நொக்கிங் என்பது இதுதான். மேல்நாட்டுக் குளிரில் தப்புகிற பிஸ்டன் இங்கே தப்பாது. ஆகவே அந்தக் காற்றை ஆற்றுகிற இன்டர்கூலர் எங்களுக்கு அலங்காரச் சாமான் இல்லை, அது இல்லாமல் பூஸ்டை யோசிக்கவே கூடாது.

அப்புறம் பெற்றோல். 200 குதிரைவலு டேர்போ எஞ்சினுக்கு இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 390 சிசி அளவில் கொடுக்கவேண்டும். 4ஏ-எஃப்ஈயின் சொந்த இன்ஜெக்டர் அதற்குக் கிட்டவும் வராது. இன்ஜெக்டர் மாறினால் பம்ப் மாறவேண்டும். இரண்டும் மாறினால் எஞ்சினின் கம்பியூட்டரான பழைய ஈசியூவுக்கு எதுவும் விளங்காது. கிளச் நழுவத் தொடங்கும். இவ்வளவும் செய்து முடிக்கும்போது எஞ்சின் மாற்றிய காசைத் தாண்டிவிடும்.

சொந்தப் பிஸ்டனும் கொனெக்டிங் ரொட்டும் உள்ள 4ஏ-எஃப்ஈயில் அரை பாருக்கு மேல் நான் கை வைப்பதில்லை. வற்புறுத்தியவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். காற்றை அழுத்திக் கொடுக்கும் எஞ்சின்தான் வேண்டும் என்றால், டொயோட்டாவே சுப்பர் சார்ஜர் வைத்துச் செய்த 4ஏ-ஜிஇஸட்ஈயைத் தேடுங்கள். ஏஈ101இல் வந்தது 170 குதிரைவலு. அதன் பிஸ்டன், கொம்பிரஷன் எல்லாம் அந்த வேலைக்கென்றே அமைந்தவை. கீழ்ச் சுற்றிலேயே இழுக்கும் என்பதால் எங்கள் வீதிகளுக்கு 20 வால்வைவிட இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் எஞ்சின் எடுக்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

கொழும்பில் ஒரு எஞ்சினில் நான் ஏமாந்திருக்கிறேன், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன். "ரீகண்டிஷன்" என்ற சொல்லை எங்கள் ஆட்கள் புதிதாக்கிய எஞ்சின் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. ஜப்பானில் ஒரு காரில் இருந்து கழற்றி, வெளியில் கழுவி அனுப்பியது. உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்கள் கண்ணுக்கும் கைக்கும்தான் தெரியவேண்டும்.

ஒரு தரம் வாடிக்கையாளர் ஒருவருக்காகப் போய், ஒரு கடையில் வெள்ளியாய் மினுங்கிய எஞ்சினைப் பார்த்து மயங்கிவிட்டேன். பொழுதுபட்டுவிட்டது, லொறியும் காத்துக்கொண்டு நின்றது. பிளக் கழற்றாமல் ஏற்றிவிட்டேன். இங்கே வந்து ஒயில் தொட்டியான சம்பைக் கழற்றினால், அடியில் தேத்தண்ணீர்ப் பால் நிறத்தில் ஒரு விரல் கனத்துக்குக் களி. ஒயிலும் தண்ணீரும் கலந்தது. ஹெட்டைத் தூக்கினோம். இரண்டாம் மூன்றாம் சிலிண்டருக்கு நடுவில் காஸ்கட் எரிந்து, அலுமினியத்தில் விரல் நகம் அகலத்துக்குப் பள்ளம். அந்தக் காசை வாடிக்கையாளரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நானே ஹெட்டைச் சீவிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு கைவிளக்கு, பிளக் சொக்கற், கொம்பிரஷன் கேஜ் மூன்றும் இல்லாமல் நான் பஸ் ஏறுவதில்லை. ஒயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும்: தேன் நிறம் நல்லது, தார் மாதிரிக் கறுப்பு கெட்டது, பால் நிறம் என்றால் திரும்பிப் பாராமல் நடக்கவேண்டும். பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வைத்தால், ஒன்று மட்டும் ஒயில் நனைந்திருப்பது உடனே தெரியும். ஸ்டார்ட்டர் பூட்டி பற்றரி கொடுத்தால் கடையிலேயே கொம்பிரஷன் எடுக்கலாம். விடமாட்டேன் என்கிற கடையில் வாங்கவேண்டாம், அவ்வளவுதான். வாட்டர் பம்ப் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பாருங்கள், துருப்பிடித்த சேறு வந்தால் அந்த எஞ்சின் கூலன்ட் காணாமல் ஓடியிருக்கிறது.

இன்னொன்று: இறக்குமதிக் கடதாசியும் கடை பில்லும் எஞ்சின் இலக்கத்தோடு வேண்டும். அது ஏன் என்று கீழே வருகிறது.

எஞ்சினோடு வேறு என்ன எடுக்கவேண்டும்?

ஈசியூ, வெட்டாத வயரிங் கூட்டம், கியர் பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், எஞ்சின் மவுன்ட், ஏர் ஃப்ளோ மீற்றர் அல்லது மாப் சென்சர். காரின் முன்பாதியையே வெட்டி இறக்கிய ஃபிரன்ட் கட் கிடைத்தால் அதை எடுங்கள். விலை கூடத்தான், ஆனால் தேடித் திரிகிற இரண்டு மாதம் மிச்சம். வயரை இடையில் கத்தரித்து விற்கிற எஞ்சின் மலிவாகத் தெரியும். அந்த நாற்பது ஐம்பது வயரையும் நிறம் பார்த்து ஒட்டுகிறவனுக்குத்தான் அதன் உண்மையான விலை தெரியும்.

எஞ்சின் வெளியில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன் பின் ஒயில் சீல், கிளச் தட்டு ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். காருக்குள் போனபிறகு இதே வேலைக்கு மூன்று மடங்கு நேரம் போகும். என் கணக்கில் எஞ்சினுக்குக் கொடுத்த காசளவு இன்னொரு தரம் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்கக்கூடாது. பாதியில் நின்று, புறா கூடு கட்டிய கார்களைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன்.

கச்சான் காற்றுக் காலத்தில் எஞ்சின் சூடேறுகிறது. பெரிய ரேடியேற்றர் போட்டால் போதுமா?

இந்த ஊரில் எஞ்சினைக் கொல்வது வேகமில்லை, சூடுதான். ஆகவே ரேடியேற்றருக்கு முன் மூன்று விடயம்.

ஒன்று, தண்ணீர். எங்கள் கிணறுகளில் பாதி உவர். அந்தத் தண்ணீரை ரேடியேற்றருக்குள் விட்டால், கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு எஞ்சினுக்குள்ளும் படியும். அந்தப் படலம் சூட்டை இரும்பில் இருந்து தண்ணீருக்குப் போகவிடாது. உப்பு அலுமினிய ஹெட்டை அரிக்கும். கூலன்ட்டும் வடித்த தண்ணீரும் தவிர வேறெதுவும் உள்ளே போகக்கூடாது.

இரண்டு, மூடி. 0.9 பார் பிடிக்கிற நல்ல ரேடியேற்றர் மூடி இருந்தால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, 120க்குக் கிட்டப் போய்த்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்தால் அந்த 20 பாகைக் காப்பு போய்விடும். ஒரு நேரச் சாப்பாட்டுக் காசில் வாங்குகிற சாமான் அது.

மூன்று, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாத தெர்மோஸ்டாற் வால்வ். "வெப்பமான நாடு, இது தேவையில்லை" என்று கழற்றி எறிகிற பழக்கம் எங்கள் மெக்கானிக்மாரிடம் வேரோடிப் போயிருக்கிறது. தயவுசெய்து விடாதீர்கள். பல டொயோட்டா எஞ்சின்களில் அந்த வால்வ் திறக்கும்போது அதன் பின்தட்டு பைபாஸ் வழியை மூடும். வால்வைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றர் பக்கம் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். நகரத்துக்குள் பிரச்சினை தெரியாது. நீண்ட ஏற்றம் ஒன்றில் ஏசியும் போட்டுக்கொண்டு போகும்போது ஊசி எழும்பும். ஏன் என்று யாருக்கும் விளங்காது.

இவை சரியென்றால், ஆம், பெரிய அலுமினிய ரேடியேற்றர் நல்லது. காற்றாடி சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள். ஓடும்போது சூடு ஏறாமல் சிக்னலில் நிற்கும்போது ஏறினால் அநேகமாகக் காற்றாடிதான்.

பெட்டி இல்லாத ஓப்பன் ஏர் ஃபில்டர் போட்டால் குதிரைவலு கூடுமா?

சத்தம் கூடும். பொனற்றுக்குள் நிறுத்தினால் வலு குறையவும் கூடும். வெளியில் 35 பாகை இருக்கும்போது பொனற்றுக்குள் 60 பாகை சாதாரணம். காற்று சுட்டால் அடர்த்தி குறையும். இந்த 25 பாகையில் ஏழு எட்டு வீதம் போகும். கொம்பனி ஃபில்டர் பெட்டி ஒரு குழாயை முன்பக்கம் நீட்டி வெளிக்காற்றை எடுப்பது அதனால்தான்.

ஃபில்டரைக் கீழே பம்பருக்குள் இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். குளிர்ந்த காற்று கிடைக்கும், சரி. மாரி காலத்தில் வீதியில் ஒரு அடி தண்ணீர் நிற்குமே, அப்போது? எஞ்சின் தண்ணீரை உறிஞ்சினால், காற்று மாதிரித் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும், தண்ணீர் இடம் கொடுக்காது, கொனெக்டிங் ரொட் வளையும். கார்த்திகையில் இருந்து தை வரை அந்தக் குழாயைப் பழைய இடத்துக்கே மாற்றிவிடுங்கள்.

சைலன்ஸர் மாற்றினால்?

தனியே மாற்றினால் சில குதிரைவலு. எஞ்சினில் புகை வெளியேறும் முதல் குழாய்களான ஹெடரில் இருந்து வால் வரை ஒழுங்காகச் செய்தால் இன்னும் கொஞ்சம். குழாயைப் பெரிதாக்கப் பெரிதாக்க நல்லது என்பது பிழை. 1.6 லீற்றர் எஞ்சினுக்கு இரண்டரை அங்குலத்துக்கு மேல் போனால் வெளியேறும் புகையின் வேகம் குறைந்து கீழ்ச் சுற்றில் இழுவை போய்விடும். இரண்டு அங்குலம், இரண்டேகால் போதும். ஊர் நித்திரை கொள்ளும் நேரத்தில் வெடிக்கிற சைலன்ஸரை நான் வெல்டிங் செய்து தருவதில்லை. எங்கள் தெருவிலும் கைக்குழந்தைகள் இருக்கின்றன.

92 பெற்றோலா, 95ஆ?

4ஏ-எஃப்ஈக்கு 92 போதும். 95 அடித்தால் வலு கூடும் என்பது கற்பனை. 20 வால்வுக்கோ சுப்பர் சார்ஜர் எஞ்சினுக்கோ 95 கட்டாயம். ஜப்பானில் இந்த எஞ்சின்கள் ஹை ஒக்டேனுக்கு என்று செய்யப்பட்டவை; அங்கே நியமப்படி அது 96க்குக் குறையக்கூடாது. எங்கள் 95 அதற்குக் கொஞ்சம் கீழே. அதனால் டைமிங்கை ஜப்பான் கணக்குக்கு மேல் முன்னே தள்ளாதீர்கள். ஏற்றத்தில் மிதிக்கும்போது தகரப் பேணியில் கல்லுப் போட்டுக் குலுக்குகிற மாதிரிச் சத்தம் வந்தால் காலை எடுங்கள், அன்றைக்கே கராஜுக்கு வாருங்கள்.

ஈசியூ சிப் மாற்றினால் என்ன கிடைக்கும்?

டேர்போ இல்லாத எஞ்சினில் சிப்பை மட்டும் மாற்றி எதிர்பார்க்கக்கூடியது குறைவு. மற்ற மாற்றங்கள் முடிந்த பிறகு, புகையைப் பார்த்துக் காற்று-பெற்றோல் விகிதத்தை அளக்கிற வைட்பாண்ட் சென்சர் வைத்து, ஓட்டிப் பார்த்து எழுதுகிற டியூனிங்தான் பெறுமதியானது. முழு மிதியில் டேர்போ இல்லாத எஞ்சினுக்கு காற்று-பெற்றோல் விகிதம் 12.5 முதல் 13 வரை. டேர்போ என்றால் 11.5 முதல் 12 வரை. அந்த எண்ணைக் கண்ணால் காணாமல் "காதால் கேட்டு டியூன் பண்ணுவேன்" என்கிறவரிடம் டேர்போக் காரைக் கொடுக்கவேண்டாம்.

பிரேக்கும் மாற்றவேண்டுமா?

எஞ்சினுக்கு முன்னர் மாற்றுங்கள். என்னிடம் எஞ்சின் மாற்ற வருகிறவரின் காரை முதலில் சக்கரம் கழற்றிப் பார்ப்பேன். கலிப்பர் பின் உப்பில் இறுகி, ஒரு பாட் முழுதாகவும் மற்றது தகட்டோடு தேய்ந்தும் இருக்கும். இங்கே பாதிக் கார்கள் அப்படித்தான். பின்னைக் கழற்றி, துடைத்து, கிறீஸ் பூசி, டொட் 4 எண்ணெய் புதிதாக ஏற்றினாலே கார் நிற்கிற விதம் மாறிவிடும். அந்த எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். எங்கள் கடற்காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் வருடத்தையும் பாருங்கள். பூ இருக்கிறது என்பதற்காகப் பத்து வருட டயரில் 160 குதிரைவலுவை ஓட்டமுடியாது.

கோட்டைப் பக்கம் இரவில் மான் வீதிக்கு இறங்கும். நிலாவெளி வீதியில் மாடு படுத்திருக்கும். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை யானை. இந்த ஊரில் நிற்பதுதான் முதல் வேலை.

கடற்காற்று புதிய வயரிங்கை என்ன செய்யும்?

மேலே சொன்ன பச்சைப் பூவைத்தான். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் பாவியுங்கள். ஒவ்வொரு கனெக்டருக்கும் உள்ளே சிலிக்கன் கிறீஸ். முறுக்கி டேப் சுற்றுகிற மூட்டு ஒரு மாரி கூடத் தாங்காது. ஈயம் வைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு மூடவேண்டும். எர்த் வயர் இரண்டாவது ஒன்று, எஞ்சினில் இருந்து காரின் பொடிக்கு, கூடுதலாகப் போடுங்கள். கடற்கரைக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், இன்டர்கூலர் இருந்தால் அதையும்.

பதிவுப் புத்தகத்தில் மாற்றவேண்டுமா? இன்சூரன்ஸ்?

மாற்றத்தான் வேண்டும். புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் இருக்கின்றன. வேறு இலக்கமுள்ள எஞ்சின் உள்ளே இருந்தால் வீதியில் மறிக்கும்போதும் விற்கும்போதும் பிரச்சினை. எஞ்சின் பில்லையும் இறக்குமதிக் கடதாசியையும் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவில் ஏற்றுங்கள். கடதாசி இல்லாத எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது. வேலை தொடங்கும் முன்னரே திணைக்களத்தில் என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்து வைத்தால் பிறகு அலையவேண்டி வராது.

இன்சூரன்ஸ் கொம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். மறைத்தால் விபத்து நடந்த அன்றைக்குத்தான் அதன் விலை தெரியும். வருடாந்த வருமான உத்தரவுப் பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை தேவை என்பதால், புகையைச் சுத்தமாக்குகிற கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைக் கழற்றி எறியவும் வேண்டாம்.

செலிக்கா, இன்டெக்ரா, ஆர்எக்ஸ்-8 வைத்திருக்கிறவர்களுக்கு?

1999க்குப் பின் வந்த செலிக்காவில் 1இஸட்இஸட் என்றால் 145 குதிரைவலு. முந்திய வருட எஞ்சின்கள் பிஸ்டன் ரிங் காரணமாக ஒயில் குடிக்கும். அதே உருவத்தில் வந்த 190 குதிரைவலு 2இஸட்இஸட் நேராக உட்காரும். ஆனால் அதில் வால்வை அதிகம் திறக்கிற இரண்டாவது கேம் 6200 சுற்றில்தான் விழிக்கும், லெவினுக்குச் சொன்னதுதான் இதற்கும். இன்டெக்ராக்காரர்கள் கே20ஏ கேட்கிறார்கள். 220 குதிரைவலு, அருமையான எஞ்சின். ஆனால் பழைய இன்டெக்ராவின் பி வரிசை எஞ்சின் சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் சுற்றுவது, ஆகவே மவுன்ட், கியர் பாக்ஸ், ஷாஃப்ட் எல்லாம் புதிது. ஆர்எக்ஸ்-8 ரோட்டரி எஞ்சினை அதற்கென்றே பழகிய கையிடம் கொடுங்கள், நான் தொடமாட்டேன்.

வேலை முடிந்த அன்றைக்கு எப்படி ஸ்டார்ட் செய்வது?

பிளக் நான்கும் கழற்றி, பெற்றோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். பத்துப் பத்து செக்கனாக, இடையில் ஆறவிட்டு. கூலன்ட் ஊற்றும்போது காரின் மூக்கை உயர்த்தி வையுங்கள், ஹீற்றரைத் திறந்துவிடுங்கள், உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வந்து முடியும்வரை மூடியைப் பூட்டவேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் ஓட்ட ஆசைப்படாமல் காற்றாடி இரண்டு தரம் சுற்றி நிற்கும்வரை பக்கத்திலேயே நின்று, கீழே விளக்குப் பிடித்து ஒழுக்குப் பாருங்கள்.

முதல் ஓட்டம் இருபது கிலோமீற்றர் போதும். நிலாவெளி வரை போய்த் திரும்புங்கள், 4000 சுற்றுக்கு மேல் வேண்டாம். வந்ததும் ஒரு இரவு ஆறவிட்டு, காலையில் ரேடியேற்றரில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, ஒயிலின் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 500 கிலோமீற்றரில் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றி, மவுன்ட் போல்ட்டுகளை மறுபடி இறுக்கவேண்டும். அதற்கு என்னிடமே கொண்டுவாருங்கள், காசு வேண்டாம். நான் பூட்டிய எஞ்சின் எப்படி இருக்கிறது என்று எனக்கும் பார்க்கவேண்டும்.